நகம் அமுக்கிப் பார்த்த ஊர்

ஆனைக்கரைப்பட்டணத்தில் மொத்தம் நாற்பத்தொரு முடுக்குகள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோறு வடிக்கிற நேரத்தில், ஒரு சத்தம் இல்லாமல், ஒரு சில்லுக் காரை பெயராமல், கொடியில் காய்ந்த துணி ஒன்றுகூடக் கீழே விழாமல், அந்த நாற்பத்தொன்றும் ஒடுங்கிப்போயின. நான் உலகம்மாள், ரத வீதியில் ரவிக்கை தைக்கிறவள். எதையும் டேப் வைத்து அளக்காமல் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அது ஊருக்கே தெரியும். அளந்துதான் சொல்கிறேன்: நாங்கள் குடியிருக்கிற நல்லதண்ணி முடுக்கு காலையில் ஐந்தே முக்கால் அடி அகலம் இருந்தது, சாயங்காலம் பதினாலு இஞ்சு இருந்தது. முடுக்கு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரத வீதி தேர் ஓடுகிற பெரிய வீதி. அதிலிருந்து கிளை பிரிந்து, கிளைக்குள் கிளை பிரிந்து, கடைசியில் ஒரு ஆளும் இடுப்பில் ஒரு குடமும் போகிற அளவுக்கு வீடுகளுக்கு நடுவே நுழைந்து போகிற சந்துதான் முடுக்கு. ரத வீதியில் கோயிலும் கடையும் பேங்கும்தான் இருக்கின்றன. சனம் இருப்பது எல்லாம் முடுக்குக்குள்தான்.

ஏன் ஒடுங்கின என்று கேட்டால், என் தம்பி பெண்டாட்டி சந்தனமாரிக்கு அந்த நேரத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்ததும், ஓ, அதானா என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, வயிற்றை எக்கிக்கொண்டு, யாருக்கெல்லாம் அவளுடைய ரத்தப் பிரிவு என்று விசாரிக்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

ஆனால் ரத்தம் அவ்வளவு போனதற்குக் காரணம் என்னவென்று அன்றைக்கு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன், பிறகு சொல்லலாம் என்று வைத்தால் என் வாய் வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு சந்தனமாரிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். என் தம்பி தளவாய் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். வால்வு திருகுகிற நீளச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டே வந்து பிள்ளையை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழத்தெருவுக்குத் தண்ணீர் விட நேரமாகிவிட்டது என்று ஓடினான். வார்டில் அவளுக்குத் துணை நான் ஒருத்திதான். அவளுக்குத் தாய் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒன்றும் ஒட்டுதல் கிடையாது. அவள் குழம்பில் புளி குறைவு என்று நான் சொல்வேன், என் தையலில் பிடிப்பு அதிகம் என்று அவள் சொல்வாள். இருந்தாலும் நான் மூன்று பெற்றவள் அல்லவா, எல்லாம் எனக்குத் தெரியும் என்று கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பத்தரை மணி இருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்.

“மைனி, கீழ ஈரமா இருக்கு.”

“ஏட்டி, அது கெட்ட ரத்தம்லா. போவட்டும். போனாத்தான் வயிறு இறங்கும்.”

எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை பெற்றவள் உடம்பில் பத்து மாதத்துக் கெட்ட ரத்தம் தங்கியிருக்கும், அது முழுக்க இறங்கிவிட வேண்டும், தடுக்கக் கூடாது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நான் பிழைத்துக்கொண்டேன், அதனால் அது உண்மை என்று ஆகிவிட்டது. துணியை மாற்றினேன். நனைந்த துணியைப் போகிற வருகிற ஆண்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டு, எவர்சில்வர் தட்டு ஒன்றால் மூடினேன். அரை மணி கழித்து மறுபடியும் மாற்றி, வாளியில் போட்டு மூடினேன். நர்ஸ் ஜெபக்கனி வந்து துணி ரொம்ப நனைகிறதா என்று கேட்டபோது, அளவாகத்தான் இருக்கிறது என்று நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். சந்தனமாரி தாகமாக இருக்கிறது என்றாள். பிள்ளை பெற்ற வயிற்றுக்குத் தண்ணீர் ஆகாது, ஊதிவிடும் என்று விரலை நனைத்து உதட்டில் தடவினேன். தண்ணி மைனி, தண்ணி மைனி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொணதொணக்காதே என்று அதட்டினேன். மூன்றாவது தடவை துணி மாற்றி வாளியை மூடும்போது அவள் தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தாள், உதடு சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது, என் கையைத் தொட்ட அவள் கை ஐஸாக இருந்தது. அப்போது மணி பன்னிரண்டு. ஒன்றரை மணி நேரம்.

நான் போட்ட கூச்சலில் ஜெபக்கனி ஓடிவந்தாள், டாக்டர் பர்வீன் ஓடிவந்தார். வயிற்றை அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள், உள்ளே எதையோ வைத்து அடைத்தார்கள், இரண்டு கையிலும் பாட்டில் ஏறியது. டாக்டர் பர்வீனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அந்தக் களேபரத்திலும் நிதானமாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எவ்வளவு நேரமா ரத்தம் போகுது? சரியா சொல்லுங்கம்மா.”

“இப்பத்தான் டாக்டர். அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

வாளி கட்டிலுக்கு அடியில் மூடியபடி இருந்தது. அன்று சாயங்காலம் அதை நானே எடுத்துக்கொண்டுபோய், யாரும் பார்க்காமல், பின்பக்கக் குழாயடியில் அலசி ஊற்றினேன். தண்ணீர் தெளிய வெகுநேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்தால் முடுக்கு பதினாலு இஞ்சு. நான் கொஞ்சம் பூசின உடம்புக்காரி. பக்கவாட்டில் நுழைந்து, முந்தானையை வாயில் கவ்வி, மூச்சை வெளியே விட்டுவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து போனேன். சுவரெல்லாம் சில்லென்று இருந்தது. எங்கள் முடுக்குச் சுவர்களுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சிவப்புக் காவி அடிப்போம். அந்தச் சிவப்பு முழுக்க வெளுத்து, கழுவிப்போட்ட ஓடு மாதிரி ஒரு நிறமாகிவிட்டிருந்தது.

ஊர் அதற்குப் பழகியதைச் சொல்ல வேண்டும். பால்காரர் சைக்கிளை ரத வீதியில் சாத்திவிட்டு, பாலைக் கேனிலிருந்து தூக்குவாளிக்கு மாற்றி, தூக்குவாளியைக் கை மாற்றிக் கை மாற்றி உள்ளே அனுப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை முதுகிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் குடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றினார்கள். எதிர் எதிர் வீட்டில் இருந்துகொண்டு பதினொரு வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகளின் ஜன்னல்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, ஒருத்தி கடுகு தாளித்தால் இன்னொருத்தி தும்மினாள், மூன்றாவது தும்மலில் இருவரும் பேச ஆரம்பித்தார்கள், நாலாவது நாளில் மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டார்கள். எதிரே ஆள் வந்தால் யார் பின்னால் போவது என்று தகராறு வந்து, காலையில் வெளியே வருகிறவர்களுக்கு வழி, சாயங்காலம் உள்ளே போகிறவர்களுக்கு வழி என்று அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். தையல்நாயகி முடுக்கில் செத்துப்போன ஒரு பெரியவரைப் பாடையில் கிடத்திக் கொண்டுவர முடியாமல், நிற்கவைத்து, இரண்டு பேர் முன்னும் பின்னும் அணைத்துக்கொண்டு, அவரே நடந்து வருகிற மாதிரி ரத வீதிக்கு அழைத்து வந்தார்கள். கோனார் முடுக்கில் ஒன்பது வீடும் பன்னிரண்டு மாடும். மாடுகளுக்குப் பக்கவாட்டில் நடக்கத் தெரியாதே, அதனால் குளத்துப் பக்கத்துப் பின்சுவரை உடைத்து மாடுகளை வெளியேற்றினார்கள்.

தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அளவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சங்கிலியைப் பிடித்து ரத வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தார். பழைய வரைபடத்தில் முப்பத்திரண்டு அடி, இப்போதும் முப்பத்திரண்டு அடி, ஒரு இஞ்சு குறையவில்லை. போக்குவரத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் யாரும் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வெயிலில் வந்த மனுஷன் என்று முடுக்கிலிருந்து ஒரு தம்ளர் மோர் கைமாற்றி வந்தது, அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மோர் புளித்திருந்தது. அதைத்தான் நாங்கள் அடுத்ததாகக் கவனித்தோம். முடுக்குக்குள் எல்லாம் புளித்தது. ஆட்டிவைத்த மாவு அரை மணியில் பொங்கி வழிந்தது, காலையில் காய்ச்சிய பால் பத்து மணிக்குத் திரிந்தது, வெறும் சோற்றில்கூட ஒரு புளிப்பு வாடை. ரத வீதிக் கடைகளில் அதே மாவு, அதே பால் நன்றாக இருந்தன. உள்ளே போக வேண்டியது போகவில்லை, வெளியே வர வேண்டியது வரவில்லை, குப்பைக்காரி வள்ளி கூடையோடு முடுக்கு வாயில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடுக்குச் சனங்களுக்கு ஒரு அசதி வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் கண்ணை மூடினார்கள். குழந்தைகள் அழாமல் கிடந்தன. அது எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான் ஜெபக்கனி என்னிடம் சொன்னாள், சந்தனமாரி ரத்தத்தைப் பரிசோதித்ததில் புளிப்பு ஏறியிருக்கிறது என்று. அவளும் நல்லதண்ணி முடுக்குக்காரிதான், எங்களுக்கு நாலு வீடு தள்ளி. டியூட்டி முடிந்து வந்தவள், முடுக்கு வாயில் நின்று, பழக்க தோஷத்தில் சுவரைக் கட்டை விரலால் அமுக்கி எடுத்தாள். அமுக்கிய இடம் வெள்ளையாக நின்றது. அவள் வாய்க்குள் எண்ணினாள். ஒன்பது எண்ணிய பிறகுதான் பழைய வெளிர் நிறம் அந்த இடத்துக்குத் திரும்பியது. நோயாளியின் நகத்தை இப்படித்தான் அமுக்கிப் பார்ப்பார்களாம், இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்பிவிட வேண்டுமாம். சந்தனமாரி நகத்துக்கும் ஒன்பது ஆகிறது என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரவர் முடுக்குக்குப் போய் அமுக்கிப் பார்த்தார்கள், பிறகு பெரியவர்கள் அமுக்கிப் பார்த்தார்கள், சாமி கும்பிடப் போகிறவர்களும் கடைக்குப் போகிறவர்களும் போகிற போக்கில் ஒரு அமுக்கு அமுக்கி எண்ணிவிட்டுத்தான் போனார்கள். எங்கே பார்த்தாலும் சனங்கள் சுவரில் கட்டை விரலை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்பது, உங்களுக்கு எத்தனை என்பதுதான் அந்த வாரத்து நலம் விசாரிப்பு.

ரத்தம் கொடுக்கப் பதினொரு பேர் முடுக்குகளிலிருந்து தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆறு பேருடையது சேர்ந்தது. ரத்தம் ஏற ஏற, சனிக்கிழமை காலையில் சந்தனமாரியின் பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது என்று வந்து நின்றது. ரத வீதியில் அன்றைக்கு என்றைக்கும் இல்லாத கூட்டம். கோயில் மணி அடித்தது, அல்வாக் கடையில் கூட்டம் நெரிந்தது, பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கண்டம் தாண்டியாச்சி என்று எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் பர்வீன் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். ரத்தம் நின்றுவிட்டது, பிரஷர் நன்றாக இருக்கிறது, அஞ்சு நிமிஷத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னீர்கள், அதனால் தப்பித்தாள், சாயங்காலம் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். என் கையை ஏன் பிடித்தார் அந்தப் பெண் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்லதண்ணி முடுக்கு பதினாலு இஞ்சு. தையல்நாயகி முடுக்கு பதின்மூன்றரை. சுவரை அமுக்கினேன். ஒன்பது. ஒன்றுகூட மாறவில்லை.

தம்பி தளவாய் எங்கள் முடுக்கு வாயில் வால்வுக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகச் சவரம் இல்லை. அவன் பேச்சையே அளந்துதான் பேசுவான்.

“அக்கா, மெயின்ல பிரஷர் ஏறிட்டு. முடுக்குல ஏறல. எனக்கு இது சரியாப் படல.”

கோடை வந்து மேல்தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்போது அவன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும். முடுக்கு வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, இருக்கிற தண்ணீரை ஆஸ்பத்திரிக்கும் ரத வீதிக்கும் மட்டும் விடுவான். நாங்கள் திட்டுவோம். ஆனால் வேறு வழி கிடையாது. பிறகு மழை பெய்து தொட்டி நிறைந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுவான். பெரிய குழாயில் அந்த நிமிஷமே சீறிக்கொண்டு வரும், முடுக்குக் குழாய்களில் மட்டும் சொட்டு வராது. கொஞ்ச நேரம் அடைத்திருந்தால் தானாக வந்துவிடும். ரொம்ப நேரம் வறண்டு கிடந்துவிட்டால் உள்ளே மண் இறுகிவிடும், துரு உரிந்து அடைத்துக்கொள்ளும், பெரிய குழாயில் எவ்வளவு பிரஷர் வைத்தாலும் அது பெரிய குழாயோடு சரி.

இதை நாங்கள் ஜெபக்கனியிடம் சொன்னபோது அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. உடம்பும் அதைத்தான் செய்யும் என்றாள். ரத்தம் பற்றாமல் போனால் அது முதலில் நெஞ்சையும் மூளையையும்தான் பார்க்கும், தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற பொடிக் குழாய்களை எல்லாம் இறுக்கிப் பிடித்து மூடிவிடும். முடியை விட மெல்லிய குழாய்கள். வெகுநேரம் மூடிக் கிடந்தால் உள்சுவர் வீங்கிக்கொள்ளும், ரத்தத்தில் இருக்கிற அணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு நகராது, பிறகு எத்தனை பாட்டில் ஏற்றினாலும் பெரிய குழாயில்தான் ஓடும். பிரஷர் கருவி பெரிய குழாயைத்தான் அளக்கும். அளவர் ரத வீதியை அளந்த மாதிரி.

“ஆனா அஞ்சு நிமிஷம் மூடிக் கெடந்ததுக்கு இப்படி ஆவாதே,” என்று ஜெபக்கனி சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லாமல் இருந்திருப்பேன். அதையும் ஒளிக்க விரும்பவில்லை. ஊரில் என் பேர் என்ன ஆகும், தம்பி என் முகத்தில் முழிப்பானா, என் வாசலில் யார் ரவிக்கைத் துணி கொண்டுவந்து போடுவார்கள் என்றெல்லாம் நின்ற இடத்திலேயே யோசித்தேன். அப்போது முடுக்குக்குள் எங்கேயோ ஒரு பிள்ளை, பிறந்த பிள்ளை மாதிரி ஈனசுரத்தில், தண்ணி தண்ணி என்று கேட்டது. பெரிய பிள்ளையாகத்தான் இருக்கும், பேசத் தெரிந்த பிள்ளை. நான் சுவரை அமுக்கினேன். பத்து வந்தது. ஒன்று கூடியிருந்தது.

வயிற்றை எக்கிக்கொண்டும் முழங்கை தோல் உரிந்துகொண்டும் ரத வீதிக்கு வந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கட்டிலை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்து நின்றிருந்தான். டாக்டர் பர்வீன் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு நிமிஷம் இல்ல டாக்டர். ஒன்றரை மணி நேரம். துணிய நாந்தான் ஒளிச்சி வச்சேன். தண்ணியும் குடுக்கல.”

அவர் பேனாவை வைத்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கட்டிலை இருந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னார், சந்தனமாரியின் கால் விரல் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தார், சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார், அதில் ஒன்றுமே இல்லை. உடம்பைச் சூடாக வைக்கச் சொல்லிக் கம்பளி வந்தது, மூக்கில் காற்று வந்தது, மணிக்கு ஒரு தரம் ரத்தத்தின் புளிப்பைப் பார்த்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு என்னென்னவோ கேட்டுக் கேட்டு மருந்தை மாற்றினார்கள். எண்களை நம்பாமல் நகத்தைப் பார்த்தார்கள் என்று ஜெபக்கனி பின்னால் சொன்னாள். இரண்டு நாள் டாக்டர் பர்வீன் வீட்டுக்கே போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் தையல்நாயகி முடுக்கு ஒரு சாண் அகன்றது. செவ்வாய்க்கிழமை நல்லதண்ணி முடுக்கில் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. ஒன்று திறக்கும், ஒன்று திறந்து மறுபடி மூடும், பக்கத்து முடுக்கு திறந்துவிட்டதே எங்களுக்கு ஏன் இல்லை என்று ஒரு கோஷ்டி வந்து தளவாயிடம் சண்டை போடும், அவன் என்ன செய்வான், சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். எண்ணிக்கை எட்டானது, ஆறானது, நாலானது. சுவர்களில் காவி திரும்பியது. திறந்த முடுக்குகளிலிருந்து அத்தனை நாள் அழுகின குப்பையும் புளித்த வாடையும் மொத்தமாக ரத வீதிக்கு வந்து, இரண்டு நாள் அங்கே மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியவில்லை. அந்த இரண்டு நாளும் சந்தனமாரிக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. பிறகு இறங்கியது. பையில் சிறுநீர் சேர்ந்தது. பத்தொன்பதாம் நாள் நாற்பதாவது முடுக்கு திறந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, பிள்ளையைக் கொடுங்கள் என்றாள்.

கோனார் முடுக்கு மட்டும் திறக்கவில்லை. மற்றது எல்லாம் விரிந்துகொண்டிருந்த நாட்களில் அது இன்னும் இன்னும் நெருங்கி, ஒரு விரல் இடைவெளியாகி, நூல் இடைவெளியாகி, கடைசியில் சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகிவிட்டது. ஒன்பது வீட்டுக்காரர்களும் குளத்துப் பக்கம் வாசல் வைத்துக்கொண்டார்கள். நீல நிறத் தெருப் பலகை இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. தபால்காரர் வந்து கோனார் முடுக்கு என்று வாசித்துவிட்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கடிதம் கொடுக்கிறார். மாடுகள் தினமும் சாயங்காலம் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகின்றன.

சந்தனமாரிக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை சப்பிச் சப்பி, வீரிட்டு அழுதது. பூண்டு, சுறாமீன், வெந்தயம், கருப்பட்டி என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது, ஒரு சொட்டு வரவில்லை. டாக்டர் பர்வீன் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிக்கு அது பருத்திருக்கும், நிறைய ரத்தம் கேட்கும், கிடைக்காமல் வெகுநேரம் இருந்ததால் செத்துப்போய்விட்டது. பால் சுரக்கச் சொல்வது அதுதான். இன்னும் பலதையும் சொல்வது அதுதான். ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். வெகுநேரம் என்று சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. எனவே ஊருக்கும் தம்பிக்கும் அது அஞ்சு நிமிஷமாகவே இருந்தது.

மூன்று மாதம் போயிற்று. சந்தனமாரி நடமாடினாள், ஆனால் பழைய சந்தனமாரி இல்லை. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டாள், புருவத்து முடி உதிர்ந்தது, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூன்று தரம் உட்கார்ந்தாள். எங்கே போனாலும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊசி விரலில் ஏறியது.

நான் தினமும் பத்தரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு கோனார் முடுக்குச் சுவருக்குப் போவேன். கட்டை விரலால் அமுக்குவேன். வெள்ளை விழும். எண்ண ஆரம்பிப்பேன். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள், எங்கள் ஊரில் சுவரை அமுக்கி எண்ணுவது சாமி கும்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவேன்.

ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் அவள் பின்னால் நிற்கிறாள். தோளில் பிள்ளை.

“எதுவரைக்கும் எண்ணுதீங்க மைனி?”

“ஐயாயிரத்து நானூறு. நொடிக்கு ஒண்ணு.”

“அதென்ன கணக்கு?”

டாக்டரிடம் சொன்னபோது ஓடிய ஓட்டத்தில் சொல்லிவிட்டேன். இங்கே ஓட இடமில்லை, முன்னால் சுவர், பின்னால் அவள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“ஒன்றரை மணி நேரம். அம்புட்டு நேரம் ஒன்ன அப்படியே விட்டுட்டேன் தாயி. அஞ்சு நிமிஷம்னு பொய் சொன்னேன்.”

பிள்ளை என் முந்தானையை எட்டிப் பிடித்து இழுத்தது.

“தெரியும் மைனி,” என்றாள். “மயக்கத்துலயும் காது கேட்டுச்சி. வாளிய மூடுன சத்தம் மூணு தடவ.”

அழுதுவிடலாம் என்று பார்த்தேன், அழுகை வரவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள். என் விரல் இருந்த இடத்தில் தன் கட்டை விரலை வைத்து அமுக்கினாள். நகம் வெளுத்தது.

“பிள்ளைக்குப் பசிக்கி. போயி பாலக் காச்சுங்க. இன்னைக்கு நான் எண்ணுதேன்.”

நான் வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சினேன். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தேன், புளிக்கவில்லை. பிள்ளை குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கியது. அதன் சுண்டுவிரல் நகத்தை அமுக்கிப் பார்த்தேன், ஒன்று எண்ணுவதற்குள் சிவந்தது.

பன்னிரண்டு மணிக்கு சந்தனமாரி வந்தாள். சுவர் சிவக்கவில்லை என்று அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். செம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள், நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு செம்பை என்னிடம் நீட்டினாள்.

“நாளைக்கு உங்க மொற.”